கஞ்சிப் பவுடரிலிருந்து ஹைட்ரோஜெல் நூல்: எட்டு மாதக் குறிப்புகள்

2021ல் 'நேச்சர்' இதழில் வந்த கட்டுரை ஒன்றைப் போன வருடம்தான் படித்தேன். லாஸ் ஏஞ்சலிஸில் உள்ள கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தில் ஷிமின் ஹே குழு செய்த வேலை. ஹைட்ரோஜெல் என்றால் பாலிமர் எனும் நீள மூலக்கூறுச் சங்கிலிகளால் ஆன வலை தண்ணீரைப் பிடித்து வைத்திருக்கும் பொருள். அவர்களுடைய ஜெல்களில் 70 முதல் 95 சதவீதம் தண்ணீர்தான். ஆனாலும் இழுவலிமை 23.5 மெகாபாஸ்கல் வரை போகிறது (ஒரு மெகாபாஸ்கல் என்றால் சதுர மில்லிமீட்டருக்குச் சுமார் 100 கிராம் தாங்குவது), நீட்சி 2,900 சதவீதம். நாம் பார்த்த ஜெல்லி, கடல்பாசி எல்லாம் ஸ்பூன் பட்டாலே உடைந்துவிடும். இது தசைநாரோடு போட்டி போடுகிறது.

அந்த எண்களைவிட மூலப்பொருள்தான் என்னைப் பிடித்து உட்கார வைத்தது. பாலிவினைல் ஆல்கஹாலும் (பி.வி.ஏ.) உப்பும், அவ்வளவுதான். நான் பல்லடம் பக்கம் ஒரு சைசிங் மில்லில் மெயின்டெனன்ஸ் பார்க்கிறேன். பாவு நூலுக்குக் கஞ்சி போட ஸ்டார்ச்சோடு கலக்குகிற பி.வி.ஏ. பவுடர் எங்கள் குடோனில் மூட்டை மூட்டையாகக் கிடக்கிறது. உப்பில் சோடியம் சல்ஃபேட்டும் ஆகும் என்று தெரிந்தது. அது கிளாபர் உப்பு, திருப்பூர்ச் சாயப்பட்டறைகள் லாரியில் இறக்குகிற சரக்கு. பிரிண்டிங் யூனிட்டில் சாயத்தைக் கெட்டிப்படுத்தப் போடுகிற ஆல்ஜினேட் கம்மும் ஹைட்ரோஜெல் ஆட்களுக்குப் பிரியமான பொருள்தான். உலகத்து ஆய்வகங்கள் கேட்லாக் பார்த்து வாங்குகிற மூன்று பொருளும் எங்கள் ஊரில் டெம்போவில் போய்க்கொண்டிருக்கின்றன.

2012ல் ஹார்வர்டில் ஆல்ஜினேட்டையும் பாலிஅக்ரிலமைடையும் கோர்த்து, 90 சதவீதம் தண்ணீரோடு 20 மடங்கு நீளும் ஜெல் செய்தார்கள். அதுவும் ஆசை காட்டியது. ஆனால் அக்ரிலமைட் நரம்பைத் தாக்கும் நஞ்சு. குழந்தைகள் ஓடி விளையாடும் வீட்டில் அது வேண்டாம் என்று ஒதுக்கிவிட்டேன்.

முதல் தோல்வி

மில்லில் மாஸ்டரிடம் கேட்டு அரைக் கிலோ பவுடர் வாங்கி வந்தேன். 50 கிராம் பவுடர், 450 கிராம் தண்ணீர். பச்சைத் தண்ணீரில் முதலில் தூவிக் கலக்கிவிட்டுத்தான் சூடாக்க வேண்டும். கொதிக்கிற தண்ணீரில் கொட்டினால் ரவை உப்புமா மாதிரி கட்டி தட்டும், உள்ளே மாவு அப்படியே நிற்கும். இது மில்லில் பழகிய வேலை என்பதால் இங்கே தப்பு வரவில்லை. தீயில் நேரடியாக வைக்காமல், பெரிய பாத்திரத்துத் தண்ணீருக்குள் சின்னப் பாத்திரம் வைத்து 90 டிகிரிக்கு மேல் இரண்டு மணி நேரம். பிறகு பிளாஸ்டிக் டப்பாவில் ஊற்றி, வீட்டு ஃபிரிட்ஜின் ஃப்ரீஸரில் இரவு முழுக்க உறையவிட்டுக் காலையில் வெளியே எடுத்து உருகவிட்டேன். இப்படி மூன்று சுற்று.

இந்த உறைந்து உருகும் வித்தை பழசு. தண்ணீர் பனிக்கட்டியாகும்போது பாலிமர் சங்கிலிகளைத் தன்னோடு சேர்த்துக்கொள்ளாது, வெளியே தள்ளும். தள்ளப்பட்ட சங்கிலிகள் பனிக்கட்டிகளுக்கு நடுவே நெருக்கியடித்துக்கொண்டு நிற்கும்போது சில இடங்களில் ஒழுங்காக அடுக்கிச் சின்னஞ்சிறு படிகங்களாகும். உருகிய பிறகும் அந்தப் படிகங்கள் கலையாது. வலையின் முடிச்சுகள் அவைதான். முடிச்சுப் போட ரசாயனம் எதுவும் சேர்ப்பதில்லை.

எனக்கு முடிச்சு விழவில்லை. மூன்று சுற்று முடிந்து வந்தது கெட்டித்தயிர் மாதிரி ஒன்று. தண்ணீரில் போட்டேன், மறுநாள் கரைந்து குழகுழவென்று நின்றது. இன்னும் இரண்டு சுற்று, ஃப்ரீஸர் குளிரைக் கூட்டி ஒரு சுற்று. ஒன்றும் நடக்கவில்லை. நடுவில் அம்மா டப்பாவைத் திறந்து பார்த்துவிட்டு, "ஏஞ்சாமி, ஐஸ்கிரீமுன்னு நெனச்சுப் பேத்திக்குக் குடுக்கப் பாத்தனே" என்றார். அன்றைக்கே டப்பாவின் மூடியில் சிவப்பு மையில் மண்டையோடு வரைந்தேன். பிறகு பழைய ஒற்றைக்கதவு ஃபிரிட்ஜ் ஒன்றை வாங்கிக் கார் ஷெட்டில் வைத்தேன். இதைச் செய்யப்போகிறவர்கள் முதல் நாளே அப்படிச் செய்துவிடுங்கள்.

விடை மாஸ்டரிடம்தான் கிடைத்தது. ஜெல் ஆகவில்லை என்றதும் மூட்டையைத் திருப்பிக் காட்டினார். "ஏனுங் தம்பி, இது எண்பத்தெட்டுங்க. நெசவு முடிஞ்சா கஞ்சி கழண்டு போகோணுமல்ல? நீங்க கேக்கறதுக்குத் தொண்ணூத்தொம்போது வேணுமுங்க."

பி.வி.ஏ.வை நேரடியாகச் செய்வதில்லை. பாலிவினைல் அசிடேட் செய்து, அதிலுள்ள அசிடேட் தொங்கல்களைக் கழற்றி எடுப்பார்கள். எங்கள் மூட்டையில் இருந்தது 88 சதவீதம் கழற்றியது. நூறு இடத்தில் பன்னிரண்டு இடத்தில் தொங்கல் மிச்சம். அந்தத் தொங்கல்தான் சங்கிலிகளை ஒட்டி அடுக்கவிடாமல் தடுக்கிறது. அதனால்தான் வெந்நீரில் சுலபமாகக் கழுவிப் போகிறது. கழுவினால் போக வேண்டும் என்றே செய்த சரக்கை, கழுவினாலும் போகாத ஜெல்லாக்கப் பார்த்திருக்கிறேன்! ஒன்றரை மாதம் போச்சு.

99க்கு மாறிய பிறகு

முழுதாகக் கழற்றிய, நீளச் சங்கிலி ரகம் கோயம்புத்தூரில் கெமிக்கல் கடையில் கிடைத்தது. இது கரைய அடம்பிடிக்கும். 95 டிகிரியில் மூன்று மணி நேரம் ஆனது. ஆவியாகிப் போன தண்ணீரை எடை பார்த்துத் திரும்பச் சேர்த்தேன். மேலே ஆடை கட்டாமல் மூடி வையுங்கள், ஆடையைக் கலக்கிவிட்டால் அது மறுபடி கரையாது. குமிழிகள் ஏற ஒரு இரவு விட்டேன்.

இந்தமுறை முதல் சுற்றிலேயே வித்தியாசம் தெரிந்தது. இளநீர் வழுக்கை மாதிரி லேசாக மங்கியது. மூன்றாவது சுற்றில் வெள்ளை வெளேர் என்று, அவித்த முட்டையின் வெள்ளைக்கரு ரப்பரானால் எப்படி இருக்குமோ அப்படி. 10 மில்லிமீட்டர் அகலம், 3 மில்லிமீட்டர் கனத்தில் பட்டை வெட்டித் தொங்கவிட்டேன். கீழே வாளி, வாளியில் மக்கால் தண்ணீர். அறுந்ததும் வாளியை எடை போட்டால் வேலை முடிந்தது.

முடியவில்லை. பட்டை அறுவதற்கு முன் பிடியிலிருந்து வழுக்கிக்கொண்டு வந்தது. கிளிப்பை இறுக்கினால் கிளிப்பின் ஓரத்திலேயே நறுக்கியது. வலிமை சோதனையில் முக்கால்வாசி நேரம் இந்தப் பிடியோடுதான் மல்லுக்கட்ட வேண்டும். உப்புத்தாளின் சொரசொரப்பான பக்கத்தில் ஃபெவிக்விக் தடவி, ஜெல்லின் ஈரத்தை மட்டும் துணியில் ஒற்றிவிட்டு ஒட்டினால் பிடித்துக்கொள்கிறது. ஈரத்தில் ஒட்டாது என்று நினைப்போம், ஆனால் அந்தப் பசை ஈரத்தால்தான் இறுகுகிறது. பட்டையின் நடுப்பகுதியைக் கொஞ்சம் குறுக்கி வெட்டுவதும் முக்கியம், அப்போதுதான் அங்கே அறும். நூலாக இருந்தால் ஒட்டவே வேண்டாம், வழவழப்பான பைப்பில் ஐந்தாறு சுற்றுச் சுற்றினால் போதும்.

சரியாகப் பிடித்த பிறகு வந்த கணக்கு 1.1 கிலோ. 30 சதுர மில்லிமீட்டருக்கு அது ஏறத்தாழ 0.36 மெகாபாஸ்கல். பொம்மை செய்யப் போதும்.

வலிமை வேண்டுமானால் பவுடரைக் கூட்டு என்றுதான் யாருக்கும் தோன்றும். எனக்கும் தோன்றியது. 18 சதவீதம் போட்டேன். கரைசல் வெல்லப்பாகு மாதிரி ஆகிவிட்டது, குமிழி ஏறவே இல்லை, அறுந்ததெல்லாம் குமிழி இருந்த இடத்தில்தான். 10 சதவீதத்துக்கே திரும்பி வந்தேன்.

உப்பு

1888ல் ப்ராகில் ஃப்ரான்ஸ் ஹோஃப்மைஸ்டர் முட்டைப் புரதத்தை வைத்து எந்த உப்பு எவ்வளவு போட்டால் அதைக் கரைசலிலிருந்து பிரித்து வீழ்த்துகிறது என்று வரிசைப்படுத்தினார். அந்த வரிசையில் சல்ஃபேட், சிட்ரேட் எல்லாம் முன்வரிசை, சாப்பாட்டு உப்பு நடுவில். சல்ஃபேட் தண்ணீரைத் தன்பக்கம் இழுத்துக்கொள்ளும். பி.வி.ஏ. சங்கிலியைச் சுற்றி நின்ற தண்ணீர் விலகினால், சங்கிலிகளுக்கு ஒன்றையொன்று பிடித்துக்கொள்வதைத் தவிர வேறு வழியில்லை. புதுப் படிகங்கள் முளைக்கும், இருக்கும் முடிச்சுகள் இறுகும்.

42 கிராம் பட்டைகளைக் கிளாபர் உப்புக் கரைசலில் போட்டேன். ஒரு மணி நேரத்திலேயே சுருங்குவது கண்ணுக்குத் தெரிந்தது. ஒரு நாள் ஊறிய பிறகு நல்ல தண்ணீரில் இரண்டு நாள், தண்ணீர் மாற்றி மாற்றி அலசினேன். இந்த அலசலை விட்டுவிட்டு எடை பார்த்தால் உள்ளே இருக்கும் உப்பும் கணக்கில் ஏறிவிடும். அலசும்போது கொஞ்சம் உப்பி 21 கிராமில் நின்றது. உள்ளே பி.வி.ஏ. 4.2 கிராம். ஆக இன்னும் 80 சதவீதம் தண்ணீர்தான். பட்டை 8க்கு 2.4 மில்லிமீட்டர் ஆகியிருந்தது. வாளி 6.8 கிலோவில் விழுந்தது. ஏறத்தாழ 3.5 மெகாபாஸ்கல்.

90 சதவீதத் தண்ணீர் 80 ஆனதற்குப் பத்து மடங்கு வலிமை. பவுடரை இரட்டித்தும் கிடைக்காதது, தண்ணீரைப் பாதியாக்கியதில் கிடைத்தது. இரண்டுக்கும் சதவீதக் கணக்கு ஒன்றுதானே என்றால், இல்லை. முதலில் வலை, பிறகு வடிப்பு. முடிச்சு விழுந்த வலையைச் சுருக்குவது வேறு, முடிச்சே இல்லாத கஞ்சியைக் கெட்டியாகக் காய்ச்சுவது வேறு.

மார்கழியில் ஒரு கூத்து நடந்தது. மதியம் உப்பு நன்றாகக் கரைகிறதே என்று 100 மில்லிக்கு 35 கிராம் போட்டுப் பட்டைகளை ஊற வைத்துவிட்டுப் படுத்துவிட்டேன். காலையில் ட்ரேயில் கரைசல் இல்லை, கண்ணாடித் துண்டுகளைக் கொட்டி வைத்தது போலப் படிகங்கள். பட்டைகள் அவற்றுக்குள் புதைந்து, சில இடங்களில் குத்திக் கிழிந்திருந்தன. சோடியம் சல்ஃபேட்டின் கரைதிறன் 32.4 டிகிரிவரை தடதடவென்று ஏறி, அதற்குமேல் லேசாக இறங்கும். 20 டிகிரியில் 100 மில்லிக்கு, படிகநீர் இல்லாத உப்பென்றால், 19 கிராம்தான் தாங்கும். இரவுக் குளிரில் மிச்சம் எல்லாம் வெளியே வந்துவிட்டது. அதன்பிறகு ஊறவைக்க 15 கிராமுக்குமேல் போவதில்லை.

கீழிருந்து உறைய வைத்தல்

ஃப்ரீஸரில் வைத்தால் நாலாபக்கமும் இருந்து குளிர் ஏறும், பனிக்கட்டி தாறுமாறாக வளரும். ஒரே திசையில் வளரவிட்டால், பனிக்கட்டித் தூண்களுக்கு நடுவே தள்ளப்படும் பாலிமர் சுவர்களும் ஒரே திசையில் நிற்கும். ஷிமின் ஹே குழு செய்ததில் பாதி இதுதான். மறுபாதி, உறைந்த கட்டியை உருகவிடாமல் அப்படியே உப்புக் கரைசலில் இறக்குவது. பனி உருகுகிற இடத்தில் உப்பு நுழைந்து சங்கிலிகளைப் பிடித்துவிடும், கலைந்துபோக நேரமே கொடுக்காது.

3 அங்குல பி.வி.சி. பைப்பில் ஒரு துண்டு, அடியில் அலுமினியத் தகடு, சுற்றிலும் தெர்மாகோல். தகட்டுக்குக் கீழே மூன்று பங்கு ஐஸ், ஒரு பங்கு கல்லுப்பு. மைனஸ் 18 வரை இறங்கியது. ஐஸ்காரர் வண்டியில் குல்ஃபி உறைவதும் இதே கணக்குத்தான். கீழிருந்து வெண்மை ஏறுவதை டார்ச் அடித்துப் பார்க்கலாம். நாலு மணி நேரம், நடுவில் இரண்டு தடவை ஐஸ் மாற்றினேன்.

உப்பில் ஊறி வந்த கட்டியை நெடுக்குவாட்டில் கிழித்தபோது பனங்கிழங்கை உரித்த மாதிரி நார் நாராகப் பிரிந்தது. அந்தப் பகல் முழுக்க அதையே கையில் வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தேன். நார் போகும் திசையில் 12 சதுர மில்லிமீட்டர் பட்டை 9.4 கிலோ தாங்கியது, ஏறத்தாழ 7.7 மெகாபாஸ்கல். குறுக்கே இழுத்தால் 2 கிலோ. ஆய்வகக் கணக்கில் மூன்றில் ஒரு பங்குதான். அவர்கள் மைனஸ் 80க்குக் குளிரவைத்த எத்தனாலைப் பயன்படுத்தினார்கள், நான் குல்ஃபி வண்டி.

நூல்

நூல் ஊரில் இருந்துகொண்டு பட்டையோடு நிறுத்த மனசு வரவில்லை. பி.வி.ஏ. நூல் புதிதும் அல்ல. 1939ல் க்யோட்டோவில் சகுராடா இச்சிரோவும் கொரியரான ரீ சுங்கியும் கண்ட வினைலான் இதுதான். இன்றைக்கும் பி.வி.ஏ. கரைசலைச் சோடியம் சல்ஃபேட் தொட்டியில் பீய்ச்சித்தான் நூலாக்குகிறார்கள். தொட்டியை 40 டிகிரிக்கு மேல் வைத்திருப்பது ஏன் என்று இப்போது எனக்குச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. சித்திரையில் மொட்டைமாடியில் கறுப்பு ட்ரே வைத்தேன், அடுப்புச் செலவு மிச்சம்.

18 கேஜ் ஊசியின் முனையைத் தேய்த்து மழுக்கி, 20 மில்லி சிரிஞ்சில் 12 சதவீதக் கரைசல். கையால் அழுத்தினால் ஓரிடத்தில் கட்டை, ஓரிடத்தில் மெலிசு. பனியன் கம்பெனியில் ஸ்லப் நூல் என்று கூடுதல் விலை கொடுத்து வாங்குவார்கள், எனக்கு வேண்டாம். சிரிஞ்சை நிறுத்தி வைத்து, பிஸ்டன்மேல் 3 கிலோ படிக்கல்லை ஏற்றியதும் ஒரே சீராக இறங்கியது. ட்ரேயின் மறுமுனையில் இரண்டு உருளைகள், இரண்டாவது மூன்று மடங்கு வேகம். நூல் இன்னும் இளசாக இருக்கும்போதே இழுத்துவிட வேண்டும். இறுகிய பிறகு இழுத்தால் அறுகிறது. ஸ்பின்னிங்கில் டிராஃப்ட் கொடுப்பதும் முறுக்கு ஏறுவதற்கு முன்னால்தானே.

அலசி எடுத்த நூல் 0.5 மில்லிமீட்டர் விட்டம், 190 கிராம் தாங்கியது. 2019ல் எம்.ஐ.டி.யில் ஷுவான்ஹே ஜாவோ குழு பி.வி.ஏ. ஜெல்லைத் தண்ணீருக்குள் திரும்பத் திரும்ப இழுத்துவிட்டு, உடற்பயிற்சியில் தசை ஏறுவதுபோல் வலுப்படுத்தியிருந்தார்கள். பழைய வைப்பர் மோட்டார் ஒன்றில் நூலைக் கட்டித் தண்ணீருக்குள் ஆயிரம் தடவை இழுத்தேன். 310 கிராம். 15 மெகாபாஸ்கலுக்குக் கொஞ்சம் மேலே. வாளிக்குப் பதில் டீ டம்ளர் தொங்கவிட்டு அளந்த கணக்கு, அதனால் பத்து சதவீதம் முன்னே பின்னே இருக்கலாம்.

மூன்றாவது பொருளைச் சேர்க்கப்போய்

அதோடு நிறுத்தியிருக்கலாம். நூல் மின்சாரம் கடத்த வேண்டும், வெயிலில் காயாமல் இருக்க வேண்டும் என்று ஆசை வந்தது. ஆல்ஜினேட் கம் 2 சதவீதம் கலந்தேன். இது கடல் பாசிச் சரக்கு. ராமநாதபுரம் கடலோரத்தில் மீனவப் பெண்கள் எடுக்கும் கட்டக்கோரைப் பாசியில் இருப்பது இதுதான். கால்சியம் குளோரைடு கரைசலில் விழுந்த மறுவினாடி ஆல்ஜினேட் தோல் கட்டிவிடும். இரண்டு ஆல்ஜினேட் சங்கிலிகளுக்கு நடுவே கால்சியம், அட்டையில் முட்டை உட்காருவதுபோல உட்கார்ந்துகொள்கிறது. நூல் ஊசியிலிருந்து அழகாக வந்தது. அதை அப்படியே எடுத்துப் போய்க் கிளாபர் உப்பில் போட்டேன்.

நூல் சுண்ணாம்புக் குச்சியாகிவிட்டது. மடித்தால் வெள்ளைத் தூள் உதிர்ந்தது. கால்சியமும் சல்ஃபேட்டும் சந்தித்தால் ஜிப்சம், பத்தாம் வகுப்புப் பாடம். சரி, சல்ஃபேட் வேண்டாம், சிட்ரேட் போடுவோம் என்று போட்டேன். சிட்ரேட் கால்சியத்தைக் கவ்வி எடுக்கும் பேர்வழி. ஒரு மணி நேரத்தில் ஆல்ஜினேட் முடிச்செல்லாம் அவிழ்ந்து நூல் தொளதொளத்துவிட்டது. ஒரு உப்பு கால்சியத்தைக் கல்லாக்குகிறது, இன்னொன்று திருடிக்கொண்டு போகிறது.

வேறு வழியாகப் போனேன். இந்தக் கலப்பு நூலுக்கு உப்பு வடிப்பே கிடையாது. கால்சியத்தில் உருவம் பிடித்ததும் ஸ்டீல் சட்டத்தில் இழுத்துக் கட்டி, மூன்று சுற்று உறைந்து உருகவிட்டு, சட்டத்தில் இருந்தபடியே நிழலில் காயவிட்டேன். தண்ணீரை வெளியேற்றும் வேலையை உப்புக்குப் பதில் காற்று செய்தது. இழுத்துக் கட்டியதால் நீளத்தில் சுருங்க முடியாமல் சங்கிலிகள் நீளவாக்கில் படுத்தன. பிறகு கால்சியம் குளோரைடும் கிளிசரினும் கலந்த தண்ணீரில் ஊற வைத்தேன். இரண்டுமே காற்றிலிருந்து ஈரம் இழுப்பவை. நூல் மூன்று வாரமாக மேசைமேல் கிடந்தும் வளைகிறது.

120 கிராம்தான் தாங்குகிறது. மோட்டாரில் இழுத்து வலுப்படுத்திய தனி பி.வி.ஏ. நூலோடு ஒப்பிட்டால் பாதிகூட இல்லை. ஆனால் 10 சென்டிமீட்டர் துண்டுக்கு 180 கிலோஓம் காட்டுகிறது, ஒன்றரை மடங்கு இழுத்தால் 390. கன அளவு மாறாமல் நீண்டால் மின்தடை நீளத்தின் வர்க்கமாக, அதாவது 2.25 மடங்காக ஏற வேண்டும். 405 வந்திருக்க வேண்டும், பக்கத்தில் வந்துவிட்டது. சாதா மல்டிமீட்டரில் அளந்தால் எண் நிற்காமல் ஏறிக்கொண்டே போகும். இங்கே மின்சாரத்தைச் சுமப்பவை அயனிகள், ஒரே திசையில் ஓட்டினால் முனைகளில் குவிந்துகொள்ளும். ஆர்டுயினோ என்ற சின்ன எலக்ட்ரானிக் கட்டுப்பாட்டுப் பலகையின் இரண்டு கால்களை மாறி மாறிப் பிளஸ் மைனஸ் ஆக்கி அளந்ததும் அடங்கியது. ஆள்காட்டி விரலின் முட்டியில் ஒட்டி மடக்கினால் திரையில் கோடு ஏறி இறங்குகிறது. அம்மாவின் பேத்திக்கு இது ஒன்றுதான் பிடித்திருக்கிறது.

மிச்சமான உப்புத் தண்ணீரைச் சாக்கடையில் ஊற்றவில்லை. சாயப்பட்டறைக் கழிவால் நொய்யல் என்ன ஆனது என்று பார்த்து வளர்ந்தவன் நான். 2011ல் உயர் நீதிமன்றம் பட்டறைகளை மூடச் சொன்னபோது எங்கள் தெருவில் பாதி வீட்டில் வேலை போனது. பீய்ச்சிய ட்ரேயையே மொட்டைமாடியில் காயவிட்டேன். நாலு வெயிலில் அடியில் பாளம் பாளமாக நின்றது. சுரண்டி எடுத்து, பி.வி.ஏ. பிசிறை வடிகட்டி டப்பாவில் போட்டு வைத்திருக்கிறேன். வாங்கிய 2 கிலோவில் 1.6 கிலோ திரும்ப வந்திருக்கிறது. அடுத்த ஞாயிற்றுக்கிழமை 22 கேஜ் ஊசிக்கு அது போதும்.